சித்திரைக்குள் பழைய வீட்டைப் புதுப்பிக்க வேண்டும்: சுவரா, மாடியா, தோட்டமா, எதில் தொடங்குவது?

முற்றத்துவீடு
எல்லோருக்கும் வணக்கம். தேவகோட்டைப் பக்கம் எங்கள் தாத்தா காலத்து வீடு. முன்னால் திண்ணை, நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றி ஓடு வேய்ந்த தாழ்வாரம், பின்கட்டுக்கு மேல் மட்டும் தளம் போட்ட மாடி. அம்மா அங்கே தனியாக இருக்கிறார். சித்திரை முதல் நாள் குடும்பம் முழுக்க அங்கேதான் கூடுகிறோம். அதற்குள் வீட்டையும் கொல்லையையும் பார்க்கும்படி செய்துவிட வேண்டும் என்று ஆசை. இப்போது மாசி பாதி ஆகிவிட்டது.

நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின்கட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உரிகிறது. தொட்டால் வெள்ளையாக உப்பு உதிர்கிறது. மாடித் தளத்தில் பதித்த தட்டை ஓடுகளின் (தட்டோடு) இடுக்குகளில் புல் முளைத்திருக்கிறது. கொல்லையில் ஒரு வேம்பு, கிணற்றடியில் குண்டுமல்லி, அப்புறம் பாதி காய்ந்துபோன தொட்டிச் செடிகள்.

ஒரு பெயிண்டர் வந்து பார்த்தார். சுரண்டி, பட்டி பார்த்து, வாட்டர்ப்ரூஃப் எமல்ஷன் இரண்டு கோட் அடித்தால் பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை என்கிறார். அவரிடம் சரி சொல்லிவிடலாமா?

கொத்துக்கரண்டி (புதுக்கோட்டை)
தங்கச்சி, கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சுவர் எதனால் பூசியது என்று முதலில் தெரிய வேண்டும். உரிந்த இடத்தில் ஓர் ஆணியால் கீறிப் பாருங்கள். வெளுப்பாக இருந்து, கீறினால் மாவாக உதிர்ந்தால் சுண்ணாம்புப் பூச்சு. சாம்பல் நிறத்தில், ஆணிக்கு அசையாமல் இருந்தால் சிமெண்ட். அந்தக் காலத்து வீடு என்றால் பெரும்பாலும் சுண்ணாம்புதான். நடுவில் யாராவது சிமெண்ட் ஒட்டுப் போட்டிருக்கிறார்களா என்றும் தேடுங்கள்.

சுண்ணாம்புச் சுவராக இருந்தால் அதன் மேல் எமல்ஷன் வேண்டவே வேண்டாம். அடிமண்ணில் உள்ள ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும். பழைய வீடுகளில் அதை மறிக்க அடித்தளத்துக்கு மேல் தடுப்பு எதுவும் பெரும்பாலும் இருக்காது. சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் உண்டு என்பதால், ஏறிய ஈரம் அதன் வழியே காற்றில் போய்விடும். சுவர் நிற்பதே அப்படித்தான். மேலே எமல்ஷன் படலம் வந்து மூடிவிட்டால் ஈரத்துக்கு வழி இல்லை. மண்ணிலிருந்து கூடவே ஏறி வந்த உப்பு, படலத்துக்குப் பின்னால் படிகமாகத் திரண்டு பூச்சையே வெளியே தள்ளும். நீங்கள் பார்க்கிற கொப்புளம் அதுதான். அதன் மேலேயே பட்டி பார்த்து அடித்தால் அடுத்த கார்த்திகையில் அதே கொப்புளம் இன்னும் ஒரு முழம் மேலே வரும்.

என் யோசனை இதுதான்: மேலிருந்து விழும் தண்ணீரையும் கீழிருந்து ஏறும் தண்ணீரையும் முதலில் பாருங்கள். பிறகு மண்ணும் செடியும். நிறம் கடைசியில்.

திருச்சிபெயிண்ட்ஸ்
நானும் இருபது வருஷமாக பெயிண்டிங் ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறேன். எல்லாப் பழியையும் எமல்ஷன் மேல் போடாதீர்கள். சிமெண்ட் பூச்சு உள்ள வீட்டுக்கு வெளிப்புற எமல்ஷன்தான் மழையைத் தாங்கும். வெள்ளையடித்தால் சாய்ந்து உட்கார்ந்தவர் சட்டையில் ஒட்டும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். அம்மா தனியாக இருக்கிறார் என்கிறார்கள். ஒவ்வொரு மாசியிலும் ஆள் பிடித்து மேய்ப்பது யார்? வெள்ளையடிக்கத் தெரிந்த ஆள் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? இதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

கொத்துக்கரண்டி (புதுக்கோட்டை)
சிமெண்ட் சுவர் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை அண்ணே. ஆள் கிடைப்பதில்லை என்பதும் உண்மைதான்.

ஆனால் சட்டையில் ஒட்டுவது சுண்ணாம்பின் குணம் அல்ல, அடித்த விதத்தின் குணம். காய்ந்த சுவரில், உச்சி வெயிலில், கெட்டியாகக் குழைத்து ஒரே கோட்டாக அடித்தால் மாவாகத்தான் உதிரும். சுண்ணாம்பு வெறுமனே காய்ந்து இறுகுவதில்லை. காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துத் திரும்பவும் சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. அதற்கு ஈரம் கொஞ்ச நேரம் தங்க வேண்டும். அதனால் முதலில் சுவரில் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். காலை இளவெயிலிலோ சாயங்காலமோதான் அடிக்க வேண்டும். நீர்மோர் பதத்துக்குக் கரைத்து மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் விட வேண்டும். முதல் கோட் அடித்ததும் சுவரில் ஒன்றுமே இல்லாதது மாதிரி இருக்கும். வீட்டுக்காரர்கள் பதறிப்போய் இன்னும் கெட்டியாகப் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஈரம் வாங்க வாங்கத்தான் வெள்ளை மேலே வரும். வடிகட்டிய அரிசிக் கஞ்சியோ வஜ்ரப் பசையோ கொஞ்சம் சேர்த்தால் பிடிப்பு கூடும். பளிச்சென்று தெரிய ஒரு துளி நீலம்.

கல் சுண்ணாம்போ கிளிஞ்சல் சுண்ணாம்போ, வாங்கி வந்து நீங்களே தண்ணீர் ஊற்றி நீற்றுவதாக இருந்தால் மிகவும் எச்சரிக்கை. கொதித்துத் தெறிக்கும். தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், சுண்ணாம்பு மேல் தண்ணீரைக் கொட்டாதீர்கள். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது.

முற்றத்துவீடு
அண்ணா, அம்மாவிடம் போனில் சொல்லிக் கீறிப் பார்க்கச் சொன்னேன். பின்கட்டில் மாவாக உதிர்கிறது, சுண்ணாம்புதான். கிணற்றுப் பக்கம் அடியில் மட்டும் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் ஒட்டு இருக்கிறது. அதற்கு நேர் மேலேதான் ஓதம் மிக அதிகம்.

இன்னொரு விஷயம். முகப்புக் கூடத்துச் சுவர் வழுவழுப்பாக, தொட்டால் குளிர்ச்சியாக, பளிங்கு மாதிரி இருக்கிறது. அதற்கும் வெள்ளையடிக்கலாமா? தரை ஆத்தங்குடிக் கல். கறை போக ஆசிட் ஊற்றித் தேய்த்தால் புதுசு போல் ஆகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார்.

கொத்துக்கரண்டி (புதுக்கோட்டை)
ஆசிட்டா! வேண்டவே வேண்டாம். ஆத்தங்குடிக் கல்லின் மேல்பரப்பு சுட்ட மண் அல்ல, நிறம் கலந்த சிமெண்ட். கண்ணாடித் தகட்டின் மேல் நிறத்தை ஊற்றி வார்ப்பதால்தான் அந்த வழவழப்பு. ஆசிட் பட்டால் அந்த மேல்பரப்பை அரித்துவிடும், பிறகு ஆயிரம் தேய்த்தாலும் பளபளப்பு வராது. வெறும் தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் துணியில் சில சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு மெல்லத் தேயுங்கள். வழுக்கும் அளவுக்கு விட வேண்டாம். நடக்க நடக்க மெருகேறும் தரை அது.

கூடத்துச் சுவரைத் தொடவே தொடாதீர்கள். சுண்ணாம்பை அடுக்கடுக்காகப் பூசி, மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கல்லால் தேய்த்து மெருகேற்றிய செட்டிநாட்டுப் பூச்சாக இருக்க வேண்டும். ஈரத் துணியால் துடைத்தால் போதும். அதன் மேல் வெள்ளையோ பெயிண்டோ அடித்தால் அந்த வேலைப்பாடு போய்விடும். அதை மறுபடி செய்து தரக்கூடிய கைகள் இப்போது மிகக் குறைவு. அப்படி ஒரு சுவர் வீட்டில் இருப்பது பெரிய சொத்து.

பின்கட்டில் அந்தச் சிமெண்ட் ஒட்டைக் கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். அது ஈரத்தை அடியில் மறித்து மேலே ஏற்றுகிறது. எமல்ஷனை ஓதம் நிற்கிற இடத்துக்கு மேலும் இரண்டடி வரை சுரண்டி எடுங்கள். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கரைந்து திரும்பவும் உள்ளேதான் போகும். உலர்ந்த பிரஷ்ஷால் கூட்டி, கீழே விரித்த சாக்கோடு வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். பங்குனி பாதி வரை சுவரை அப்படியே காயவிட்டு, பிறகு கடுக்காய் ஊறின தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்தால் பூசலாம். வெள்ளை அதற்கும் மேல்.

வெளியே போய் அந்தச் சுவரோரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கொல்லை மண் மேடாகி உள்தரைக்குச் சமமாக நிற்கிறதா? தாழ்வாரத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா? கிணற்றடியில் துவைக்கிற தண்ணீர் எங்கே போகிறது? அந்த மண்ணை வெட்டித் தாழ்த்தி, தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி வாட்டம் கொடுத்தாலே பாதி ஓதம் அடங்கும்.

செவிலி_தஞ்சை
சுரண்டுவதைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். சுவரில் இருப்பது எமல்ஷன். கதவு, ஜன்னல் கம்பிகளில் இருப்பது பழைய எனாமல் பெயிண்டாக இருக்கும். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016ல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் நிறைய இருக்கலாம். உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசு தரையில் படியும், தவழும் குழந்தை கையில் ஒட்டி வாய்க்குப் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு அது. கர்ப்பிணிகளும் அந்த வீட்டில் அந்த நாட்களில் இருக்க வேண்டாம்.

தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். வேலை செய்பவர்களுக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள், துணியைக் கட்டிக்கொள்ளச் சொல்லாதீர்கள். தரையைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். குடும்பம் கூடும்போது சின்னப் பிள்ளைகள் வருவார்கள் அல்லவா, அதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும்.

திருச்சிபெயிண்ட்ஸ்
இது மிக நல்ல குறிப்பு அம்மா. என் ஆட்களிடம் இதை வாசித்துக் காட்டப் போகிறேன்.

பொறியாளர்_கோவை
மாடியைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. என் கணக்கில் முதல் வேலை அதுதான்.

தட்டோட்டு இடுக்கில் புல் இருக்கிறது என்றால் வேர் அடியில் உள்ள செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு அடுக்கு வரை போயிருக்கும். மேலே பிடித்து இழுத்தால் புல் மட்டும்தான் வரும். சாந்து இளகிய இடுக்குகளைக் கம்பியால் சுரண்டி வேரோடு எடுத்து, புதிதாக இடுக்கு அடைக்க வேண்டும். அரசு, ஆல் கன்று கைப்பிடிச் சுவரில் முளைத்திருந்தால் அதை முதலில் எடுங்கள், சுவரையே பிளந்துவிடும். பிறகு நான்கு வாளித் தண்ணீர் கொட்டிப் பாருங்கள். தண்ணீர் நேராக வடிகால் வாய்க்குப் போகிறதா, எங்காவது குளம் கட்டி நிற்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். இந்தச் சோதனைக்கு வெயில் காலம்தான் தோது.

எல்லாம் முடிந்ததும் தளத்துக்கு வெள்ளை. பங்குனி சித்திரை வெயிலில் வெறும் தளம் மதியத்தில் 60 டிகிரியைக்கூடத் தாண்டும். வெள்ளைப் பரப்பு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கீழ் அறையில் 2 முதல் 5 டிகிரி வரை குறையும். தனியாக இருக்கிற வயதான அம்மாவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வெப்ப அலையை 2024ல் தமிழக அரசு மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. தெலங்கானா 2023ல் குளிர்கூரைக்கென்று, அதாவது வெயிலைத் திருப்பி அனுப்பும் இப்படிப்பட்ட கூரைகளுக்கென்று, தனிக் கொள்கையே கொண்டுவந்தது. நம் வீடுகளில் சுவருக்கு நிறம் தேடிக் கடை கடையாக அலைவோம், தலைக்கு மேல் கொதிக்கிற தளத்தை ஏறிக்கூடப் பார்க்க மாட்டோம்.

சுண்ணாம்பு அடித்தால் செலவு குறைவு, மழையில் கரையும், அடுத்த வருஷம் திரும்ப அடிக்க வேண்டும். குளிர்கூரைப் பெயிண்ட் சில வருஷம் நிற்கும், விலை அதிகம். உங்கள் தளத்துக்கு அடியில் இருப்பதும் சுண்ணாம்பு என்பதால் நான் சுண்ணாம்பையே சொல்வேன்.

மாடியில் தொட்டி வைக்கும் எண்ணம் இருந்தால்: 50 லிட்டர் பீப்பாயில் நனைந்த மண் 75 கிலோ அளவுக்கு வரும். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளமாக இருந்தால் நடுத்தளத்தில் அதை வைக்கவே கூடாது. அடியில் சுவர் வரும் இடத்துக்கு நேர் மேலே மட்டும், அதுவும் சிறிய தொட்டிகளாக.

மதுரை_மாடித்தோட்டம்
தொட்டிகளையும் கொல்லையையும் நான் சொல்கிறேன்.

முதலில் குண்டுமல்லி. புதுப்பிக்கிறோம் என்ற பெயரில் கத்தரிக்கோலோடு அதன் பக்கம் இப்போது யாரும் போகாதீர்கள். மல்லியைக் கவாத்து செய்யும் காலம் கார்த்திகை. மாசி பங்குனியில் புதுத்துளிர் விட்டு அரும்பு கட்டும். இப்போது வெட்டினால் இந்த வருஷப் பூ முழுக்கப் போய்விடும். காய்ந்த குச்சிகளை மட்டும் எடுத்து, அடிமண்ணைக் கொத்திவிட்டு, நன்றாக மக்கிய தொழுஉரமும் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் போட்டுத் தண்ணீர் விடுங்கள். சித்திரையில் வீடு நிறைய ஆட்கள் வரும்போது கிணற்றடி மணக்கும்.

காய்ந்த தொட்டிச் செடியைத் தூக்கி எறியும் முன் தண்டில் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பச்சை தெரியும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டி, நிழலுக்கு மாற்றுங்கள். செம்பருத்தி பெரும்பாலும் இப்படிப் பிழைத்துவிடும். வெயில் ஏறினால் அதில் மாவுப்பூச்சி வரும். முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்து உதிர்த்துவிட்டு, சாயங்காலம் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

பழைய தொட்டி மண்ணைக் கொட்டி இரண்டு நாள் வெயிலில் உலர்த்துங்கள். செம்மண், தொழுஉரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றும் சம அளவு. நார்க்கழிவில் உப்பு இருக்கும். ஊறவைத்து, தண்ணீர் நிறம் தெளியும் வரை இரண்டு மூன்று முறை பிழிந்துவிட்டுத்தான் கலக்க வேண்டும். தைப்பட்டம் தவறிப்போனதே என்று கவலை வேண்டாம், வெண்டையும் கொத்தவரையும் இந்த வெயிலுக்கு நன்றாகவே வரும். சிறுகீரை விதைத்தால் சித்திரைப் பிறப்புக்குப் பறித்துவிடலாம். தொட்டியைச் சுடுகிற தளத்தில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள், வேர் வெந்துபோகாது. பங்குனி நடுவில் 50 சதவீத நிழல்வலை கட்டிவிடுங்கள்.

நாலாம்மாடி_சென்னை
இடையில் ஒரு கேள்வி. எனக்கு வீடும் இல்லை, கொல்லையும் இல்லை. மேற்குப் பார்த்த பால்கனி, மூன்றடி அகலம், வாடகை வீடு. சாயங்கால வெயில் படுக்கையறை வரை வருகிறது. நான் என்ன செய்யலாம்?

மதுரை_மாடித்தோட்டம்
கண்ணாடிக்கு உள்ளே திரை போட்டுப் பயன் குறைவு தம்பி. வெயில் கண்ணாடியைத் தாண்டும் முன் மறிக்க வேண்டும். பால்கனியின் வெளி விளிம்பில் மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ கட்டுங்கள். மேற்கு வெயிலுக்குத் தாங்குகிறவை போகன்வில்லா, கற்றாழை, டேபிள் ரோஸ். தட்டியின் நிழலில் துளசி, கற்பூரவள்ளி, புதினா வைக்கலாம். தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், டெங்குக் கொசு அங்கேதான் முட்டையிடும். பறவைக்குத் தண்ணீர் வைத்தால் தினமும் கொட்டிக் கழுவி மாற்றுங்கள்.

முற்றத்துவீடு
படிக்கப் படிக்க மனசு நிறைந்துவிட்டது. அம்மா இதை அச்செடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

இன்னும் இரண்டு கேள்வி. தாழ்வாரத்து நாட்டு ஓட்டில் மூன்று நான்கு இடத்தில் வெளிச்சம் தெரிகிறது. அங்கெல்லாம் ஓட்டுக்குக் கீழே தார்ப்பாய் போட்டுவிடலாமா? கிணற்றுப் பக்கம் ஒரு மழைநீர்த் தொட்டி இருக்கிறது, 2003ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அப்பா கட்டியது. அதை மூடிபோட்டு மேலே ஒரு கல் பெஞ்ச் வைக்கலாம் என்று அண்ணன் சொல்கிறார்.

கொத்துக்கரண்டி (புதுக்கோட்டை)
தார்ப்பாய் போட்டால் ஈரம் மரச்சட்டத்தில் தங்கி, கரையானும் உளுப்பும் வரும். பூனையும் அணிலும் ஓடி ஓடி ஓட்டை நகர்த்தியிருக்கும், சில ஓடு விரிசல் விட்டிருக்கும். வெயில் காலத்தில் ஓடு பிரித்து, தட்டிப் பார்த்து, ஓசை மங்கினதை ஒதுக்கிவிட்டு மாற்றி வேய வேண்டும். தட்டினால் கணீரென்று கேட்கிற பழைய ஓட்டைத் தூக்கி எறியாதீர்கள், அதே அளவில் இப்போது கிடைப்பது கஷ்டம். ஓடு இறங்கி இருக்கும்போதே சட்டங்களுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிவிடுங்கள், கரையான் அண்டாது. கையுறை இல்லாமல் அதைத் தொடக்கூடாது, தோல் வெந்துபோகும்.

சுவர் வேலைக்கு முன்பே ஓட்டு வேலை முடியட்டும். இல்லையென்றால் புதுவெள்ளை முழுக்கப் புழுதி வடியும்.

பொறியாளர்_கோவை
மழைநீர்த் தொட்டியை மூடிவிடாதீர்கள், அப்பா செய்தது நல்ல வேலை. வண்டல் அடைத்து அது வேலை செய்யாமல் போயிருக்கலாம், அந்த அளவுக்குத்தான் குறை. மணல், ஜல்லி அடுக்கை வெளியே எடுத்துக் கழுவி வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். மாடித் தண்ணீர் அங்கே வருகிற குழாயில், முதல் மழையை வெளியே திருப்பிவிட ஒரு வால்வு வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் சுண்ணாம்பு அடித்த வருஷம் அந்த முதல் மழை கிணற்றுக்குப் போகாமல் இருப்பது நல்லது. பெஞ்ச் வேண்டும் என்றால் வேம்புக்கு அடியில் போடுங்கள், நிழலும் அங்கேதான்.

முற்றத்துவீடு
வேம்பு இப்போது இலையைக் கொட்டிக்கொண்டிருக்கிறது சார். முற்றம், கொல்லை, மாடி எல்லாம் சருகு. அண்ணன் கிளைகளை வெட்டிவிடலாம் என்கிறார்.

மதுரை_மாடித்தோட்டம்
வேண்டாம்மா. மாசியில் உதிர்த்துவிட்டுப் பங்குனியில் செந்துளிர் விடும், பின்னாலேயே பூ. கோடைக்கு நிழல் தரப்போகிற நேரத்தில் வெட்டாதீர்கள். மாடிக்கு மேல் சாய்ந்து வடிகாலை அடைக்கிற ஒன்றிரண்டு கிளையை மட்டும் எடுத்தால் போதும். சருகைக் கொளுத்தாதீர்கள். மல்லிக்கும் தொட்டிகளுக்கும் அதையே மூடாக்காகப் போடுங்கள். மண் சீக்கிரம் காயாது, தண்ணீர்த் தேவையும் குறையும். பூ உதிரத் தொடங்கியதும் மரத்தடியைச் சுத்தம் செய்து ஒரு பழைய வேட்டியை விரித்து வைத்தால், புத்தாண்டுப் பச்சடிக்கு வெளியே வாங்க வேண்டியதில்லை.

திருச்சிபெயிண்ட்ஸ்
தங்கச்சி, கொத்தனார் அண்ணன் சொன்னபடி எமல்ஷனைச் சுரண்டுகிற வேலைக்கு என்னிடம் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களில் பெரியவருக்கு வெள்ளையடிக்கவும் தெரியும். தேவகோட்டைக்கு வருவார்கள். கதவு, ஜன்னலுக்கு மட்டும் எனாமல் என்று வைத்துக்கொள்வோம். ஈயம் சேர்க்காதது என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். தனிமடல் அனுப்புங்கள்.

முற்றத்துவீடு
அனுப்பிவிட்டேன் அண்ணா. ஓட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், அவர் முடித்ததும் உங்கள் ஆட்களை வரச்சொல்கிறேன். பழைய பெயிண்டரிடம் அம்மாவே பேசிவிட்டார்.